ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றுதான் செண்பகவல்லி கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டாள். வந்த அந்தோணி கறுப்புத் திரையில் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "ஸ்பீக்கரை விடுங்கம்மா, மைக்கே வேலை செய்யல. மதர்போர்டுல இருக்கற சவுண்ட் சிப்பை இயக்கற டிரைவர் சாஃப்ட்வேர் சரியா இல்ல. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்ட நாள்லேர்ந்தே நீங்க பேசுனது எதுவும் அந்தப் பக்கம் போயிருக்காது."

போட்டது மகன் கபிலன்தான். வைரஸே வராதும்மா என்று போட்டுக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறினான். அதிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோ காலில் அவள் பேசுவாள், அவன் திரையில் தலையாட்டுவான். மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்னதைக்கூட, பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று சிரித்த முகமாகவே சொன்னாள். அன்றும் "சரிம்மா, சரிம்மா" என்றான். மனதைத் திடப்படுத்திக்கொண்டான் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப சரியாயிருச்சும்மா. பேசிப் பாருங்க," என்றான் அந்தோணி.

அந்த நேரம் பார்த்துக் கபிலனின் அழைப்பு வந்தது. மகன் முகம் தெரிந்ததும், செண்பகவல்லி சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சரிம்மா, சரிம்மா," என்றான் கபிலன்.

அவள் மெல்லப் பேசுகிறாள் என்று நினைத்து மைக்கை நெருக்கி வைக்க வந்த அந்தோணியை அவள் கைகாட்டி நிறுத்தினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.