மேலே ஒரு பெயர்

"என்னங்க, உங்க பேருக்கு மேல இன்னொரு பேரைப் போட்டிருக்காங்களாமே! கேட்டுக்கிட்டு சும்மாவா இருக்கீங்க?"

டீச்சர் போனை மேசையில் வைத்த வேகத்தில், திருத்திக்கொண்டிருந்த கணக்குத் தாள்கள் நாலு பக்கமும் பறந்தன. அழைத்தது கொழுந்தன். அண்ணன் பிடிகொடுக்கவில்லை என்று அண்ணியிடம் வந்துவிட்டான்.

கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "விடும்மா, சின்னப் பசங்க. நம்ம லினக்ஸ் மென்பொருளை அப்படியே நகல் எடுத்து, வேற பேர் வச்சு, தனிக்குடித்தனம் போயிருக்காங்க. லைசென்ஸ்ல அதுக்கு இடம் இருக்கு."

"தனிக்குடித்தனம் போறவன் தாராளமா போகட்டும். பெத்தவன் பேரை எதுக்கு மாத்தணும்?"

"மாத்தலையே. என் பேர் அப்படியேதான் இருக்கு. மேல ஒண்ணு சேர்த்திருக்காங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷமாகப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தது. எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை நூலகங்களில் குப்பைக்குப் போகவிருந்த கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது! அத்தனையும் இலவசம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் விற்கவும் செய்யுங்கள். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்காதீர்கள். மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய மனுஷன், இப்போது தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பெரிய கம்பெனி, நீங்க எழுதினதுக்குத் தங்ககிட்ட காப்புரிமை இருக்குன்னு மிரட்டினப்போ, ஒன்றரை வருஷம் கோர்ட் படி ஏறினீங்க. நேத்து முளைச்சதுங்களைப் பார்த்து இப்ப என்ன பயம்?"

"பயமில்ல. எதுக்கு வீண் வம்புன்னுதான்."

"யார் பேராம் அது?"

"யாரோ. எனக்கென்ன தெரியும்?" அதே தலையணை உறையை அவர் மூன்றாவது முறையாக மடித்தார்.

"இப்படிப் பிள்ளைப்பூச்சியா இருந்தா, தலையில மிளகாய் அரைக்கத்தான் செய்வாங்க. நகருங்க, நான் எழுதறேன். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை!"

அவர் சட்டென்று எழுந்தார். "வேண்டாம்மா. நாளைக்கு நானே பேசிக்கறேன். நீ பேப்பரைத் திருத்து."

"நாளைக்கா? அடுத்தவங்க உழைப்பைத் தன்னோடதுன்னு எழுதிக்கறவனை ஒரு நாள்கூட விட்டு வைக்கக் கூடாதுங்க. பரீட்சையில காப்பியடிச்ச எந்தப் பையனாவது என்கிட்ட தப்பிச்சிருக்கானா?"

மடிக்கணினியை மூட வந்த அவர் கையைத் தட்டிவிட்டாள். டீச்சராவதற்கு முன்னால் அவளும் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வேலையில் இருந்தவள்தான். அந்தப் பசங்களின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கம் திறந்தது. எழுதியவர்கள் பட்டியலில் இரண்டாவதாக அவர் பெயர் இருந்தது. இரண்டாவதாக! பல்லைக் கடித்துக்கொண்டு, அடியில் அந்தப் பசங்கள் போட்டிருந்த குறிப்பை முதலில் படித்தாள்.

'முதல் வெளியீட்டின் பழைய குறுந்தகடு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் பாதிக்கு மேல் பட்டியலில் முதலில் உள்ளவர் எழுதியது. இவருடைய பெயர் பிற்பாடு நீக்கப்பட்டிருக்கிறது. லைசென்ஸ்படி அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறோம்.'

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..." பின்னாலிருந்து கணவரின் குரல் கெஞ்சியது.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பட்டியலின் முதல் வரிக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன்பு வழங்கியபடியே, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அவளுடைய பெயர் அங்கே இருந்தது.

"'நீ எழுதினதெல்லாம் பழசாயிடுச்சு, ஒரு வரிகூட இப்ப அதுல இல்ல'ன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?" என்றாள்.