நாலு மணி நெட்

மாடியில் இருப்பவர்கள்தான் நெட்டை உறிஞ்சித் தீர்க்கிறார்கள் என்பதில் கோகிலவாணிக்குத் துளியும் சந்தேகமில்லை. மலைக்குக் கீழேயிருந்து விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி நீலாவதியிடம், அவர் உட்காருவதற்குள் அதைத்தான் போட்டு உடைத்தாள்.

ஜவ்வாது மலையில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அது ஒன்றுதான் இ-சேவை மையம். அதற்கு ஆபரேட்டர் கோகிலவாணி ஒருத்திதான். சாதிச் சான்றிதழோ பட்டாவோ, எது வேண்டுமானாலும் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். காலையில் எல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் நாலு மணியானால் நெட் படுத்துவிடும், அஞ்சரை வரைக்கும் மையம் சும்மா திறந்து கிடக்கும்.

மதிய பஸ்ஸில் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பித் திரும்பிப் புகார் மலைபோலக் குவிந்துவிட்டது. இன்றைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் மையத்தை ஒடுகத்தூருக்கு மாற்றிவிடுவதாக நீலாவதி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். மாற்றினால் ஒரு காகிதத்துக்காக மலை ஜனங்கள் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு மலையிறங்க வேண்டும். கோகிலவாணிக்கு வேலையே போய்விடும். அந்தப் பயத்தில் அவள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

"மேடம், நம்ம போன்ல ஒரு நாளைக்கு இவ்ளோ டேட்டாதான்னு குடுக்கறாங்க இல்ல? இதுவும் அப்டித்தான்," என்றாள். "மேல இருக்கறவங்க நாலு மணிக்குள்ள மொத்தத்தையும் காலி பண்ணிட்டு வூட்டுக்குப் போய்டறாங்க."

மாடியில் நடப்பது நெட்வொர்க் பயிற்சி வகுப்பு. மலைப் பிள்ளைகளுக்குச் சர்வர் அமைக்கச் சொல்லித்தருகிறவர் வெற்றிச்செல்வன். முன்பு ஒரு தடவை கட்டடத்தில் இடி விழுந்து இரண்டு நாள் நெட் இல்லாமல் கிடந்ததே, அந்த வாரம்தான் வகுப்பு தொடங்கியது. இந்தப் பீடை அன்றைக்குப் பிடித்ததுதான் என்பது கோகிலவாணியின் கட்சி.

அவள் மையத்தின் பூட்டைத் திறக்கும் முன்பே அவர்கள் மேலே வந்து உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு அரை நாள், அன்றைக்கு நெட்டும் மத்தியானமே போய்விடும். பந்தியில் பாயசம் தீர்ந்ததும் இலையை மடிக்கிற மாதிரி, காலியானதும்தான் எழுந்து போகிறார்கள் என்று அவள் அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் மாடியேறினார்கள். வெற்றிச்செல்வன் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"நாங்க நெட்டைத் தொடறதே இல்லீங்க மேடம். கம்ப்யூட்டருங்களுக்கு நம்பர் குடுக்கற சர்வர், பேரு சொன்னா வழி காட்டற சர்வர், இதையெல்லாம் பசங்க போட்டுப் பழகறாங்க. எதுவும் நெசம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளயே நடக்கற பொம்மைக் கல்யாணம்."

கோகிலவாணி ஜன்னலுக்கு வெளியே கீழ்நோக்கிப் போன நீல ஒயரைக் காட்டினாள். "அப்ப இது இன்னா சார்?"

கீழே மையத்தில் இருக்கும் பிரிண்டரில் பிரிண்ட் எடுப்பதற்காகப் போட்ட ஒயர் என்றார். திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு கதை சொல்கிறான் என்பது போல அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். வெற்றிச்செல்வனுக்கு முகம் தொங்கிவிட்டது.

நீலாவதி பேச்சை வளர்க்கிற ஆள் இல்லை. பொம்மைதானே, நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். இன்று பொழுதுக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள், சாயங்காலம் நாலுக்கு மேலும் நெட் ஓடினால் வகுப்பை மூடச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரவர் சர்வரை நிறுத்தினார்கள். கடைசிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிறுத்தினாள்.

கோகிலவாணி துள்ளாத குறையாகக் கீழே வந்தாள். மகளின் காலேஜ் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுக் காலை முதல் ரத்தினம்மாள் காத்திருந்தார். இனிமேல் பாருங்கள் வேகத்தை என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கோகிலவாணி கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, நெட் இல்லை என்று வந்து நின்றது.

"இன்னாம்மா, அதுக்குள்ள மணி நாலு ஆயிட்ச்சா?" என்று கேட்டார் ரத்தினம்மாள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுகூட ஆகவில்லை. நீலாவதியோடு பின்னாலேயே இறங்கி வந்த வெற்றிச்செல்வன் திரையைப் பார்த்தார், நீல ஒயரைப் பார்த்தார், மறுபடி மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் ரத்தினம்மாளின் விண்ணப்பம் திரையில் வந்து விழுந்தது. நீலாவதி சந்தேகத்தோடு மேலே பார்த்து, நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்தார். நெட் போனது. போடுங்கள் என்றார். வந்தது.

வெற்றிச்செல்வன் தலையைச் சொறிந்தபடி இறங்கி வந்தார்.

"இந்த மையத்துல நெசமா நம்பர் குடுத்து வழி காட்டிட்டிருந்த பொட்டி இடி விழுந்தன்னிக்கே கெட்டிருக்குதுங்க மேடம். அன்னியிலேர்ந்து பசங்க போட்ட பொம்மைதான் இந்த ஒயர் வழியா இறங்கி அந்த வேலையப் பாத்துட்டிருந்திருக்குது. நாங்க நாலு மணிக்கு நிறுத்திட்டுக் கிளம்பிடறோம்."

நீலாவதி கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தார். கோகிலவாணி நாற்காலியை விட்டு எழுந்தாள். அந்த மனிதரிடம் அவள் இத்தனை பணிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், இன்னியிலேர்ந்து கிளாசை அஞ்சரை வரைக்கும் நடத்துங்களேன்."