எந்தப் பொந்தில் யார்

பறவைகளுக்குப் பொந்து குடைந்து கொடுத்துவந்தது ஒரு மரங்கொத்தி. எந்தப் பொந்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லும். அதை ஒட்டுக்கேட்ட பாம்பு, மைனாவின் முட்டைகளை விழுங்கிவிட்டது.

யானை விசாரித்து, மரங்கொத்தியிடம், “நீ சேர்த்துவைத்த அத்திப்பழங்களை எல்லோருக்கும் கொடுத்துவிடு” என்று தண்டம் விதித்தது. மைனாவின் பங்குக்கும் ஒரு பழம் வந்தது. மைனா அதைத் தொடவில்லை.

“இன்னும் என்னம்மா?” என்றது மரங்கொத்தி.

“அடுத்த முட்டையை நான் எங்கே இடுவேன், அண்ணே?”

மரங்கொத்தி உடனே பறந்தது. தொலைவில் ஒரு மரம் தேடி, அலகு தேயத் தேயப் புதுப் பொந்து குடைந்து மைனாவைக் குடிவைத்தது.

சில நாள் கழித்துக் கிளி வந்தது. “நம்ம மைனா இப்போ எங்கே இருக்கா?”

“எந்த மைனா?” என்றது மரங்கொத்தி.