இரண்டு ஐந்து முதல் இரண்டு பத்து வரை

"தூக்கிடலாமா மேடம்?"

மேற்பார்வையாளன் பிரவீன்குமார், ஏழு நாள் தாள்களின் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினான்.

கிறிஸ்டினா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். மந்தாரக்குப்பம் சாலையில் போகும் வண்டிகளின் கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் பத்து, பன்னிரண்டு லாரிகள். மதியம் இரண்டு ஐந்திலிருந்து இரண்டு பத்து வரை மட்டும் சைபர். அடுத்த கட்டத்தில் இருபத்திரண்டு.

ஏழு நாளும் அப்படியே.

"வண்டி எண்ணற பொண்ணு அந்த நேரத்துல எழுந்து எங்கயோ போறா மேடம். வந்து உட்கார்ந்து, விட்டதையெல்லாம் அடுத்த கட்டத்துல தள்ளிடறா. சுரங்கத்துல பர்மனென்ட் வேலைன்னு நெனப்பு. ரெண்டு மணி ஷிப்டு முடிஞ்சா எழுந்துடறா!"

கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நெய்வேலியிலிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றிப் போக ஒரு சரக்கு ரயில் பாதை வரவிருந்தது. நிலமும் அனுமதியும் ரயில்வே தரும். முதல் போட்டுப் பாதை அமைப்பது ஒரு தனியார் நிறுவனம். போட்டதை முப்பது ஆண்டுச் சரக்குக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும். அந்த நிறுவனம் கேட்டது ஒரே கேள்வி: இப்போது லாரியில் போகிற சரக்கு எவ்வளவு?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவள் கிறிஸ்டினா. படிவத்தை வகுத்ததும், பாதையின் வரைபடத்தைப் போட்டதும் அவளே. "என் கணக்கில் ஒரு மாட்டு வண்டிகூடத் தப்பாது" என்று கூட்டத்தில் சொல்லியிருந்தாள். ஒரு கட்டம் பொய் என்றால் ஏழு நாள் கணக்கும் குப்பைக்குப் போகும்.

"நானே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கிளம்பினாள்.

எண்ணும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கிறிஸ்டினா தன்னை யாரென்று சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாலைக்கு அப்பால், குடை நிழலில், ஒளிரும் பச்சைச் சட்டையுடன் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சத்யா.

"அந்தப் பொண்ணு நாள் பூரா அங்கயே இருக்குமா?" என்று கிறிஸ்டினா கேட்டாள்.

"காலையிலேருந்து குந்திகினுதான் இருக்கும்மா" என்றார் கடைக்காரர் குழந்தைவேல். "ரெண்டு மணிக்கு மேல ஒரு அஞ்சு நிமிசம் எழுந்து போவும். பாருங்களேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சத்யா அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். மணி இரண்டு ஐந்து.

'அட்டையைக்கூடக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை!' கிறிஸ்டினா கைப்பேசியைப் படமெடுக்கத் தூக்கினாள்.

சத்யா எங்கும் போகவில்லை. நேராக நடுச்சாலைக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

முதல் லாரி கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்தவை வரிசையாக நின்றன.

சுரங்கத்து வாசலிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்கவும் புல் வெட்டவும் வருகிற கான்ட்ராக்ட் பெண்கள். கையில் தூக்கு, தலையில் துண்டு. சாலையைக் கடந்து, டீக்கடையை ஒட்டியிருந்த நிறுத்தத்துக்கு ஓடினார்கள்.

"ஓடாதீங்கக்கா! நான் நின்னுகினுதானே இருக்கேன்!" சத்யா கத்தினாள்.

"ரெண்டு பத்து பஸ்ஸு உனக்காவ நிக்குமாடி?" என்று ஒருத்தி சிரித்தபடியே ஓடினாள்.

கடைசிப் பெண்ணும் கடந்த பிறகே சத்யா கைகளைத் தாழ்த்தினாள். லாரிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. அவள் ஓடிப்போய் அட்டையை எடுத்தாள்.

கிறிஸ்டினா சாலையைக் கடந்து போய்த் தான் யாரென்று சொன்னாள். சத்யாவின் முகம் வெளிறிவிட்டது.

"வேலைய எடுத்துடாதீங்க மேடம். ஆனா அந்த சைபர் பொய் இல்லீங்க. அஞ்சு நிமிசத்துல ஒரு வண்டியும் போவல. சேர்ந்து நின்னதெல்லாம் அப்புறம் போவுது. போறதத்தான் எழுதறேன்."

"உன்னை யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. வந்த மொத நாளே ஒரு அக்கா அடிபட இருந்துச்சு. லாரிக்கு நடுவுல சந்தே கெடையாது. அந்த பஸ்ஸ வுட்டா நாலு மணிக்குத்தான் வூட்டுக்குப் போவ முடியும். நீங்க குடுத்த இந்தச் சட்டையப் பாத்தா வண்டி நிக்குது மேடம்."

"இதைத் தாளில் எழுதியிருக்கலாமே?"

சத்யா படிவத்தை நீட்டினாள்.

"எதுல மேடம் எழுதறது?"

லாரி, டிப்பர், பஸ், கார், இரு சக்கர வண்டி, மாட்டு வண்டி. கிறிஸ்டினா வகுத்த கட்டங்கள். நடந்து போகிறவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை.

"அதான் மனசுல எண்ணிகினு வந்து பின்னால போட்டு வெச்சேன். ஃபோட்டோ எடுக்கறவரு முன்பக்கம் மட்டும் எடுத்துகினாரு."

கிறிஸ்டினா தாளைத் திருப்பினாள். நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாய், வரிசை பிசகாத கோடுகள். அன்று எண்பத்து மூன்று. அட்டையில் அடியில் இருந்த ஏழு நாள் தாள்களின் பின்பக்கமும் அப்படியே நிறைந்திருந்தது.

பையில் பாதையின் வரைபடம் இருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை. இந்தச் சாலையை ஒட்டி, சுரங்க வாசல் பக்கமாகத்தான் தண்டவாளம் போகிறது. கடப்பவர் யாரும் இல்லை என்று, இரு பக்கமும் இடைவெளியில்லாமல் வேலி போட்டிருந்தாள். அருகிலுள்ள ரயில்வே கேட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

கைப்பேசி ஒலித்தது. பிரவீன்குமார்.

"என்ன மேடம், கணக்குல விட்டிருக்காளா இல்லையா?"

"விட்டுப்போயிருக்கு பிரவீன். ஒரு நாளைக்கு எண்பது பேர்" என்றாள் கிறிஸ்டினா. "விட்டது அவள் இல்லை. நான்."