பக்கத்து வீட்டு இன்ஜின்

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ராஜாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரையின் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்த இன்ஜினைப் பார்த்தார்.

"பாத்தியா, இன்னைக்கும் வந்து நின்னுகினு மணி பாக்குறாரு" என்றாள் மரியசெல்வி, சமையலறை ஜன்னலோரம் மறைந்து நின்றபடி. "நாலு நாளா நீ அதத் தொடவே இல்ல. அப்பவும் விட மாட்டேங்குறாரு."

மகள் கிறிஸ்டினா காலை ஷிப்டுக்காக நாலு மணிக்கு எழுந்தவள். சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆடிக் காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்று வருடமாக அவள் கட்டிய இன்ஜின் அது. பழைய மாருதி காரிலிருந்து கழற்றியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவை ஏதோ ஒரு டீசல் வண்டியிலிருந்து எடுத்து அதில் பொருத்துவதற்காக, புகைக் குழாய்களைத் தானே வெட்டி, தானே வெல்டிங் வைத்தாள். மூன்று முறை விரிசல் விட்டது. போன மாதம்தான் முதல்முறையாக ஓடியது.

டர்போவுக்குப் போகும் எண்ணெய் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக, ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம், ஒரே வேகத்தில் ஓட்டினாள். உறுமலும் விசிலும் கலந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

முதல் நாளே ராஜாங்கம் மதிலுக்கு வந்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. மணி பார்த்தார், வீட்டுக்குள் போனார். மறுநாளும் அப்படியே.

சுரங்கத்தில், கன்வேயர் மோட்டார்களின் இரைச்சலிலேயே முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். இந்த வருடம் பொங்கலோடு ஓய்வு பெற்று, மகள் செந்தாமரையின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"செந்தாமரைய பஸ் ஸ்டாப்புல பாத்தேன். பொங்கல்லேர்ந்தே அவங்கப்பா சரியா கண்ணு மூடுறது இல்லையாம். சொல்லும்போதே அழுவுறா. எனக்கு எங்க மூஞ்சிய வச்சிக்கிறதுன்னு தெரியல" என்றாள் மரியசெல்வி.

"நான் வேணா போயி பேசிப் பாக்கட்டுமாம்மா?"

"என்னன்னு பேசுவ? குவார்ட்டர்ஸ்ல மிஷின் ஓட்டக் கூடாது. மாவு மிஷின் வச்சதுக்கே அடுத்த தெருவுல வூட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. நீயோ கான்ட்ராக்ட். அவரு ஒரு காகிதம் எழுதிப் போட்டா போதும், நாம எங்க போயி நிக்கிறது?"

"அதான் இன்ஜினக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேனே."

"ரெண்டு மாசமா மிக்ஸி ஓடல. அதப் பாக்க ஒரு நாளு நேரம் இருந்துச்சா உனக்கு?"

கிறிஸ்டினா முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால் போதும். இன்ஜினைக் காரில் ஏற்றியிருக்கலாம். அதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அம்மா சொன்னதில் தப்பும் இல்லை.

நாலு மணிக்குக் குறிஞ்சிப்பாடி மெக்கானிக் மணிமாறன் குட்டியானை வண்டியோடு இன்ஜினை எடுத்துப்போக வந்தார். தார்ப்பாயை விலக்கி, இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தார். குழாய்கள் சேருமிடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"யாரு வெல்டிங்?"

"நான்தாண்ணே."

அவர் குனிந்து மறுபடியும் பார்த்தார். "மனசாரத்தான் குடுக்குறியா?"

"தூக்குங்கண்ணே. எனக்குத் தூங்கணும்."

இருவரும் சேர்ந்து இன்ஜினுக்கு அடியில் சங்கிலியைக் கொடுத்தார்கள். கொக்கியை மாட்டும் நேரத்தில் வெளிக் கேட் கிறீச்சிட்டது. ராஜாங்கம் உள்ளே வந்துகொண்டிருந்தார். பனியனும் லுங்கியும், நாலைந்து நாள் தாடி. கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன.

மரியசெல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே குறுக்கே ஓடினாள்.

"அண்ணே, இதோ எடுத்துட்டோம். பத்து நிமிஷத்துல போயிடும். ஆபீசுக்கு மட்டும் எழுதிடாதீங்க. அவ சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா."

அவர் அவளைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவளைத் தாண்டி வந்து கிறிஸ்டினாவின் எதிரே நின்றார். சங்கிலியைப் பார்த்தார், வாசலில் நின்ற குட்டியானையைப் பார்த்தார். தகரக் கூரையைத் தாங்கிய கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்கி நாலு நாளாவுது பாப்பா."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அங்கிள், சத்தியமா" என்றாள். "நாலு நாளா நான் இத ஓட்டவே இல்ல."

"அதத்தான் கேக்க வந்தேன். ஏன் ஓட்டல?"