பேர் வாங்கியவள்

"உங்கக்கா என்னை எட்டியாவது பாக்கறாளா? நீ ஒருத்தி இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்!"

அம்மா இதைச் சொன்னபோது அவளுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது சாட்சாத் அந்த அக்காவேதான்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிப்பாட்டுவது அவள். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது அவள். நனைந்த படுக்கையை மாற்றுவது அவள். பேர் மட்டும் சின்னவளுக்கு! அந்த மகராசியோ ஊரின் மறுகோடியில், ஆபீஸ், மீட்டிங் என்று பறந்துகொண்டிருக்கிறாள். போனில் "அம்மா எப்படி இருக்கா?" என்று விசாரிப்பதோடு சரி.

"நல்லாப் பாரும்மா. நான் பெரியவ."

"போடி, விளையாடாதே. அவளாவது, என்னைக் குளிப்பாட்டறதாவது!"

மறதி நோயில் அம்மாவுக்கு எல்லாம்தான் கலைந்துபோயிருந்தது. கலையட்டும். முதலில் போக இவள் முகம்தானா கிடைத்தது?

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், அம்மாவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"காய்ஞ்சு கிடக்கு மேடம். தண்ணி பத்தலை. போன தடவை இப்படித்தானே சிறுநீர்ல கிருமி வந்து அட்மிட் பண்ணீங்க? விட்டா மறுபடி ஆஸ்பத்திரிதான்."

"நான் குடுக்கறேன். குடிச்சாத்தானே?"

"சின்னவங்கன்னு நினைச்சா குடிக்கறாங்கல்ல? நினைச்சுட்டுப் போகட்டுமே. நீங்க ஏன் டம்ளருக்கு டம்ளர் திருத்தறீங்க?"

"ஏன் திருத்தக் கூடாது? ஊத்தறது நான், பேர் அவளுக்கா? பெத்தவளுக்கு நான் யாருன்னு தெரிஞ்சே ஆகணும்."

நர்ஸ் பையை மூடினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் பரீட்சைதான். "முதல்ல நான் யாருன்னு சொல்லு, பாப்போம்."

"சின்னவ."

"இல்லை! பெரியவ. பெரியவ!"

கத்தலைக் கேட்டு அம்மா மிரண்டாள். "யாரோ வந்து எதையோ ஊத்தப் பாக்கறா" என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். கொண்டுவந்த டம்ளர் அப்படியே திரும்பிப் போகும். வாரம் முழுக்க இதே கூத்து.

கடைசியில் காய்ச்சல் கொதித்தது. வாய் பிதற்றியது. ஆம்புலன்ஸ் வந்தது.

"டிஸ்சார்ஜ் ஆகி மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள மறுபடியுமா?" டாக்டர் நிமிர்ந்தார். "வீட்டுல இவங்களை யாரு பாத்துக்கறது?"

'நான்தான்' என்று சொல்ல அப்போது மட்டும் பெரியவளுக்கு நாக்கு எழவில்லை.

கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள் சின்னவள்.

"கண்ணெல்லாம் சிவந்து கிடக்குக்கா. நீ போய்ப் படு. இங்க நான் இருக்கேன்."

"இருப்பே, இருப்பே. ஆஸ்பத்திரின்னா நாலு பேர் கண்ணுல படும். வீட்டுல செய்யறதை எந்தக் கண்ணு பாக்குது?"

சின்னவள் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பதிலுக்குக் கத்தினாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் துவைத்த நைட்டிகளோடு வந்த பெரியவளை வார்டு வாசலில் ஆயாம்மா பிடித்துக்கொண்டாள்.

"உங்க தங்கச்சி கையில என்ன மாயமோம்மா! நாங்க ஊத்தினா துப்பறாங்க. அவங்க குடுத்தா மடக்கு மடக்குன்னு இறங்குது."

"இறங்காம? செல்லப் பொண்ணாச்சே!"

பெரியவள் விறுவிறுவென்று நடந்து, அம்மா கட்டிலைச் சுற்றியிருந்த திரையில் கையை வைத்தாள்.

"யாருடி நீ?" உள்ளே அம்மாவின் குரல்.

"உன் பெரிய பொண்ணும்மா."

அது சின்னவளின் குரல். பெரியவளின் கை திரையிலேயே நின்றுவிட்டது.

"பெரியவளா? நிஜமாவா?"

"நிஜமாத்தான். குடி."

"குடு, குடு. நீ குடுத்தாத்தான் எனக்கு இறங்குது. அந்தச் சின்னக் கழுதை வேலை, வேலைன்னு இந்தப் பக்கமே திரும்பறதில்லை."

"ஆமாம்மா. அவ அப்படித்தான். இன்னும் ஒரு வாய்."

திரை விலகியது. அக்காவைப் பார்த்ததும் சின்னவள் பதறி எழுந்தாள். டம்ளர் தளும்பியது.

"தப்பா எடுத்துக்காதேக்கா," என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "என் பேரைச் சொன்னா வாயைத் திறக்கவே மாட்டேங்கறா. ஒவ்வொரு தடவையும் இங்க வந்து உன் பேரைச் சொல்லித்தான் ஊத்தறேன். எவ்வளவு வயித்தெரிச்சலா இருக்கு தெரியுமா?"



"அங்க நிக்கறது யாரு?" அம்மா கண்ணைச் சுருக்கினாள்.

பெரியவள் கட்டிலருகே வந்தாள்.

"சின்னவம்மா. ஆபீஸ் முடிஞ்சு இப்பதான் வர்றேன்."

"வாங்க மகாராணி! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" அம்மா நடுங்கும் விரலால் தங்கையைக் காட்டினாள். "உங்கக்காவைப் பாரு, எப்படித் துரும்பா இளைச்சுட்டான்னு. ராத்திரி பகல் பாக்காம என்னோட தனியா மல்லுக்கட்டறா, பாவம். நீயும் கொஞ்சம் வீட்டுக்கு வந்து கை குடுத்தா என்னடி, தேஞ்சா போயிடுவே?"

பெரியவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"இனிமே வருவாம்மா."