நாற்பது பவுன்

1967 நவம்பர் 20, திங்கட்கிழமை. பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்றும், ரூபாயில் மாற்றமில்லை என்றும் காலைப் பத்திரிகையில் வந்திருந்தது.

தியாகராய நகரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த கணேசமூர்த்தி அதை நான்கு முறை படித்துவிட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒன்றரை வருஷம் அலைந்து வாங்கிய இறக்குமதி லைசென்ஸில் லண்டனிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வரவழைக்க, சனிக்கிழமைதான் மைத்துனன் ஜவஹரைப் பணம் கட்ட பாங்குக்கு அனுப்பியிருந்தார்.

“இருபத்தோரு ரூபா பவுன் இன்னிக்குப் பதினெட்டு. நாப்பது பவுனுக்கு நூத்திருபது ரூபா போச்சு, புஷ்பம். கஸ்டம்ஸ்காரன் வரியையும் அந்த விலை மேலதான் போடுவான்.”

“அப்படி என்ன அவசரம்? இன்னிக்குக் கட்டியிருக்கலாம்ல?” என்றாள் மனைவி.

அவர் மறுபடி பத்திரிகையைப் பிரித்தார்.

ஜவஹர் சிரித்துக்கொண்டே வந்தான்.

“அத்தான், திட்ட மாட்டேன்னு சொல்லுங்க.”

“என்னடா?”

“சனிக்கிழமை பாங்க்ல ஒரே கும்பல். படத்துக்கு நேரமாச்சுன்னு திரும்பிட்டேன். கட்டியாச்சுன்னு சும்மா சொன்னேன்.” கவரை நீட்டினான். “எல்லாம் அப்படியே இருக்கு.”

“என் தம்பி சோம்பேறித்தனமும் ஒரு நாள் உதவிச்சு பாருங்க!” என்று புஷ்பம் சிரித்தாள்.

“இப்பவே போய்க் கட்டிடறேன். மிச்சத்துல எனக்கு ஒரு டெரிலின் சட்டை, என்ன அத்தான்?”

கணேசமூர்த்தி கவரில் பணத்தோடு இருந்த லைசென்ஸை எடுத்து, ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினார்.

பணம் கட்டக் கடைசி நாள், நவம்பர் 18.

அடுத்த லைசென்ஸ் 1970 மார்ச்சில் கிடைத்தது.